கதிரையில் வாய்வைத்த பொறியியலாளர்

தம்பி குடும்பத்தோடு சிட்னிக்குப் போன வருடத்துக் குளிர்காலத்தில்தான் எனக்கு நூலகத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. அவர்களுக்கு நியூசிலாந்துக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. எனக்கு அப்போது வதிவிட விசா மட்டும்தான். விமான நிலையத்தில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மூண்டு வருசம்தானே அக்கா. உங்களுக்கும் பாஸ்போர்ட் கிடைச்ச உடனே கூப்பிடுறன்" என்றான். மச்சாள் அழுதாள். எட்டு வயது மருமகள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. முதுகுப்பையின் ஸிப்பை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் நால்வரும் இருந்த வீட்டை ஒப்படைத்துவிட்டு, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக்காரி வேலைக்குப் போகும் வெள்ளைக்காரப் பெண். நான் வீட்டில் இருக்கும் நேரம் அவள் இருக்கமாட்டாள். நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டது குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான். ஹீட்டரை அணைக்கவும் என்று அவள் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டுவாள். அணைத்துவிட்டேன், நன்றி என்று நான் அதற்குக் கீழே எழுதுவேன்.

ஒரு வியாழக்கிழமை டெயரி என்று இங்கே சொல்லுகிற தெருமூலைக் கடையில் பால் வாங்கினேன். கடைக்காரர் மிச்சக் காசைத் தந்தபோது நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு நான் ஒருவரோடும் ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான். ஒரு நாளில் ஆறு பாடம். பின்வாங்கில் இருப்பவளுக்கும் கேட்கிற குரல் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நூலக வேலை காலை ஆறு மணி முதல் எட்டரை வரை. ஒப்பந்தக் கொம்பனி திறப்பும், அலாரத்தை நிறுத்தும் எண்ணும் தந்திருந்தது. முதுகில் மாட்டுகிற வாக்யூம் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு, குழாயைக் கையில் பிடித்தபடி புத்தக அடுக்குகளுக்கு நடுவே நடப்பேன். அது போடும் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் நான் தமிழில் சத்தமாகக் கதைக்கத் தொடங்கியிருந்தேன். மூலகங்களின் பெயரை வரிசையாகச் சொல்வேன், மருமகளோடு வாதாடுவேன், தம்பியைத் திட்டுவேன். இயந்திரத்தை நிறுத்தும்போது வாயையும் நிறுத்திவிடுவேன்.

வேகமாகச் செய்தால் இருபது நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். அந்த இருபது நிமிடமும் சிறுவர் பகுதியில் ஒரு குட்டிக் கதிரையில் இருந்து ஏதாவது வாசிப்பேன். அப்படித்தான், திருப்பிக் கொடுத்த புத்தகங்களை வைக்கும் தள்ளுவண்டியில் அந்தப் புத்தகத்தைக் கண்டேன். இங்கிலாந்துக்காரர்களின் கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதியது. பெரிய அளவு, பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு மூலையில் யாரோ பிள்ளை பிஸ்கட் தின்ற எண்ணெய்க் கறை.

முதலில் வாசித்தது நெருப்புக்குச்சியைப் பற்றி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், ஏதோ இரசாயனக் கலவையை ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். குச்சி நுனியில் கலவை ஒட்டிக் காய்ந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க அடுப்படிக் கல்லில் தேய்த்திருக்கிறார். பக்கென்று பற்றிக்கொண்டது. அவ்வளவுதான். அவர் அதற்குக் காப்புரிமைகூட எடுக்கவில்லை. வேறு ஆட்கள் அதைச் செய்து விற்றார்கள்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எங்கள் ஊர் நெருப்புப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. போரில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு நெருப்புப்பெட்டி வருவது அரிது. ஒரு குச்சியைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவோம். மருந்து உதிராமல் பிளக்க ஒரு கைப்பழக்கம் வேண்டும். பள்ளி ஆய்வுகூடத்தில் பன்சன் அடுப்பு என்றைக்கோ நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கொன்றை ஏற்றி வைத்து, அதிலிருந்துதான் ஒவ்வொரு மேசைக்கும் பிள்ளைகள் கடதாசிச் சுருளால் நெருப்பு எடுத்துப் போவார்கள். அந்த விளக்கு அணைந்துவிட்டால் அன்றைய செய்முறை முடிந்தது. இந்தக் குச்சி எங்கிருந்து வந்தது என்று அன்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு காலையும் ஒரு கண்டுபிடிப்பைத் தமிழில் எழுதினேன். மூடுபனியில் மலைப்பாதையில் கார் ஓட்டித் திண்டாடி, பிறகு வீதியின் நடுவே பதிக்கிற, கார் வெளிச்சத்தில் மின்னும் கண்ணாடிக் கண்களைச் செய்தவர். துணி ஆலையில் துணியின் மேற்சுணையைச் சீவுகிற இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரிப் புல்லையும் சீவலாமே என்று நினைத்தவர். அவர் தன் புல்வெட்டும் இயந்திரத்தை இருட்டிய பிறகுதான் வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தாராம், அயலவர் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயந்து. கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறிவதற்காக, ஆட்டத்திலும் உப்புக்காற்றிலும் நேரம் பிசகாத கடிகாரம் ஒன்றைச் செய்வதற்கே ஆயுளைக் கொடுத்த தச்சர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த இன்னொன்று நியூசிலாந்துக் கரைவரை கப்பலில் வந்திருக்கிறது.

எழுத எழுத ஒரு விஷயம் என்னை உறுத்தியது. அந்தப் புத்தகத்தில் எல்லாக் கதையிலும் 'ஒரு நாள்' என்று ஒரு வரி வரும். ஒரு நாள் அவர் கவனித்தார். ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவளுக்குத் தெரியும், அப்படியொரு நாள் சும்மா வராது. அதற்கு முந்தின நூறு நாளும் அந்த மனிதர் அங்கேயேதான் இருந்திருப்பார், ஏதும் நடக்காமல். அந்த நூறு நாளைப் பற்றி எழுத யாருக்கும் விருப்பமில்லை. நான் அப்போது அந்த நூறு நாளுக்குள்தான் இருந்தேன். எனக்கு ஒரு 'ஒரு நாள்' வரும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி தொலைபேசியில் எடுப்பான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சுகம்தானே, சாப்பிட்டீங்களோ, குளிரோ. ஒரு ஞாயிறு நான் மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, அவளுக்கு நெருப்புக்குச்சிக் கதையைச் சொன்னேன். அவள் எப்போதும் போல ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள்.

"அது பற்றிக்கொண்டபோது அந்த ஆள் தனியாகவா இருந்தார், மாமி?"

"தெரியாது பிள்ளை. அப்படித்தான் இருக்கவேணும்."

"அப்படியென்றால் முதலில் யாருக்குக் காட்டினார்?"

அது புத்தகத்தில் இல்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடினேன், நூலகத்தில் இருந்த வேறு இரண்டு புத்தகங்களிலும் அது இல்லை. அடுத்த ஞாயிறு அதைச் சொல்லக் காத்திருந்தேன். அவள் நண்பியின் பிறந்தநாளுக்குப் போயிருப்பதாகத் தம்பி சொன்னான்.

ஆகஸ்டு மாதம் ஒரு காலை சிறுவர் பகுதிக்குப் பொறுப்பான பெண் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், சிவப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். நான் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். துள்ளி எழும்பினேன். எழும்பியதில் கதிரை விழுந்தது.

"வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான்..." என்று தடுமாறினேன்.

அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை. கொப்பியை எட்டிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்றாள்.

"தமிழ்."

"என்ன எழுதுகிறீர்கள்?"

சொன்னேன். ஏன் எழுதுகிறேன் என்று கேட்டாள். நான் ஆசிரியையாக இருந்தவள் என்றேன்.

"என்ன படிப்பித்தீர்கள்?"

இந்த நாட்டுக்கு வந்து இரண்டரை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம் இங்கே வேலை செய்த அனுபவம் உண்டா என்றுதான் கேட்டார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் சால்வையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். கடைசியில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, ஏற்பாடு செய்திருந்த மந்திர வித்தைக்காரர் வர முடியாதாம், நீங்கள் ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசமுடியுமா என்று கேட்டாள். என் ஆங்கிலம் போதாது என்றேன். "இவ்வளவு நேரமும் எதில் கதைத்தீர்கள்?" என்றாள்.

வாக்யூம் இயந்திரத்தைத் தெரிவு செய்தேன். தினமும் முதுகில் சுமக்கிறதைப் பற்றியாவது பிழையில்லாமல் கதைக்கலாம் என்று நினைத்தேன். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, ஸ்திரி போட்டு முப்பது துண்டு எடுத்துக்கொண்டேன். எப்படியும் இருபது பிள்ளைகளாவது வருவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அன்று நீலச் சேலை கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தினமும் குழாய் இழுத்துக்கொண்டு நடக்கும் அதே கம்பளத்தில் பிள்ளைகள் சப்பணம் கட்டி இருந்தார்கள். பின்னால் தாய்மார். முதல் இரண்டு நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, "சத்தமாகச் சொல்லுங்கோ" என்ற பாவனையில் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். அதைக் கண்டதும் என்னுடைய வகுப்புக் குரல் தானாக வந்துவிட்டது.

"நூறு வருடத்துக்கு முன்னால் இலண்டனில் பாலங்கள் கட்டுகிற ஒரு பொறியியலாளர் இருந்தார்" என்று தொடங்கினேன். "தூசைக் காற்றால் ஊதித் தள்ளுகிற ஒரு புதிய இயந்திரத்தை ஒருநாள் ஒருவர் மேடையில் காட்டுவதைப் பார்த்தார். ஊதின தூசு எங்கே போகும்?"

"மூக்குக்குள்ளே!" என்றான் ஒருவன்.

"சரி. இவரும் அதைத்தான் பார்த்தார். போய்க் கேட்டார், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன? அந்த ஆள் கோபப்பட்டுவிட்டார். அது நடக்காத காரியம் என்றார். இவர் விடவில்லை. நண்பர்களோடு சாப்பாட்டுக் கடைக்குப் போனவர், வெல்வெட் கதிரையின் சாய்வில் தன் கைக்குட்டையை விரித்தார், அதில் வாயை வைத்தார்..."

நான் வாயைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினேன். பிள்ளைகள் அருவருத்துக் கத்தினார்கள்.

"இருமினார், திணறினார். பிறகு கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். மற்றப் பக்கத்தில் வட்டமாகக் கறுப்பு. தூசு துணியில் நின்றுவிட்டது, காற்று மட்டும் அவர் வாய்க்குள் போயிருக்கிறது. அந்தக் கைக்குட்டைதான் இந்த இயந்திரத்துக்குள் இருக்கிற பை."

அவர் செய்த முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வந்ததையும் சொன்னேன். அது வீட்டுக்குள் போகாது, அவ்வளவு பெரிது. தெருவிலேயே நிற்கும், நீளக் குழாய்களை யன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். சத்தத்தில் தெருக் குதிரைகள் மிரண்டன. குழாயில் ஓர் இடத்தில் கண்ணாடி இருக்கும், தூசு போவதைப் பார்க்கலாம். வசதியான வீட்டுப் பெண்கள் அதைப் பார்க்கச் சிநேகிதிகளை அழைத்துத் தேநீர் விருந்து வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது, ஆளில்லாத கட்டடத்தில் அதே இயந்திரத்தோடு தனியே நடக்கிற என் காலை நேரங்கள் ஒரு கணம் நினைவில் வந்து போயின.

பிறகுதான் துணித் துண்டுகளைக் கொடுத்தேன். "போய் நீங்களே செய்து பாருங்கள்."

அவர்கள் வாசிப்புப் பகுதியின் மெத்தைக் கதிரைகளுக்கு ஓடினார்கள். முட்டி மோதிக்கொண்டு உறிஞ்சினார்கள். துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எழுந்த கூச்சலை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு துண்டிலும் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருவரிடம் ஒருவர் காட்டி, எனக்குத்தான் கறுப்பு அதிகம் என்று போட்டி போட்டார்கள். இரட்டைப் பின்னல்காரி தன் துண்டைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நான் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒரு தாய் தன் மகளின் உதட்டை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்தை யார் துப்புரவு செய்கிறார்கள்?" என்று பொதுவாகக் கேட்டாள்.

சிவப்புக் கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான்."

கதிரைகள் எனக்குத் தந்த வேலைப் பட்டியலில் இல்லை. தரை, மேசை, கழிப்பறை, குப்பைத்தொட்டி, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். சேலை கட்டிக்கொண்டு, ஆசிரியையாக நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்தான். கைதட்டல் என் காதில் ஏறவில்லை.

அடுத்த புதன்கிழமை எங்கள் துப்புரவுக் கொம்பனியின் மேற்பார்வையாளர் நூலக வாசலில் வந்து நின்றார். ஃபிஜி நாட்டவர். அவருடைய முப்பாட்டனார் காலத்தில் சென்னைப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய குடும்பம். தாய் பேசக் கேட்டு வந்த கொஞ்சத் தமிழ் அவரிடம் இருந்தது.

"அக்கா, கம்ப்ளெயின்ட் லெட்டர் வந்திருச்சு. நா என்ன செய்றது? உங்கள வேற சைட்டுக்கு மாத்தச் சொல்றாங்க."

"கதிரை என்ர வேலையில்லைத் தம்பி. பட்டியலைப் பாருங்கோ."

"தெரியும் அக்கா. எனக்குத் தெரியும். ஆனா லெட்டர் வந்திருச்சே."

திறப்பைக் கொடுத்தேன். சிறுவர் பகுதிப் பெண் எனக்காக மேலிடத்தில் கதைத்துப் பார்த்ததாகப் பிறகு அறிந்தேன். அன்று அவளுக்கு விடுமுறை நாள். சொல்லிக்கொண்டு வர முடியவில்லை.

புதிய இடம் மனுகாவில் ஒரு அலுவலகம், நாலாம் மாடி. மாலை ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும். இரயிலில் பாதித் தூரம், பஸ்ஸில் மீதி. நான் போகும்போது எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வருவார்கள், லிஃப்டில் நான் மட்டும் மேலே போவேன். அங்கே புத்தகம் இல்லை. மேசைகளில் குடும்பப் படங்கள் இருந்தன. நாற்பது மேசைக்கும் தூசு துடைத்துத் துடைத்து, நாற்பது குடும்பத்தின் முகங்களும் எனக்குப் பாடமாகிவிட்டன. அவர்கள் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. கொப்பியில் எழுதுவதை விட்டுவிட்டேன். இயந்திரச் சத்தத்துக்குள் கதைப்பதும் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மேற்பார்வையாளர் சோதனைக்கு வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகாமல் வாசலில் தயங்கி நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்தப் புள்ளைங்க கிட்ட என்னதான் சொன்னீங்க?"

சொன்னேன். முதலில் சுருக்கமாகத்தான் தொடங்கினேன். குதிரை மிரண்ட இடத்துக்கு வரும்போது நான் வாக்யூமைக் கழற்றிக் கீழே வைத்திருந்தேன். அவர் ஒரு மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, முகாமையாளரின் அறைக்குள் போனார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்தப் பெரிய துணிக்கதிரையின் சாய்வில் விரித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து வாயை வைத்து இழுத்தார்.

இருமல் என்றால் அப்படி ஒரு இருமல். கண்ணில் நீர் வந்துவிட்டது. கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தவர், "ஐயோ சாமி!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். ஆளில்லாத அந்த நாலாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆக்லாந்துக்கு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் கீழே போன பிறகும் வயிறு வலித்தது. மீதி இருந்த அறைகளைச் செய்து முடிக்கும்வரை எனக்குக் கை சரியாக ஓடவில்லை. விருந்தாளிகள் வந்துவிட்டுப் போன வீடு மாதிரி அந்த மாடி அன்றைக்கு வெறிச்சென்று பெரிதாகிவிட்டது.

அந்தச் சிரிப்பின் பலன் அடுத்த வாரமே வந்தது. எல்லா இடத்து வேலைப் பட்டியலிலும் மெத்தைக் கதிரைகளை அவர் சேர்த்துவிட்டார். எனக்கு அரை மணி நேர வேலை கூடியது.

நான் அந்த மாடியில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். நடுவில் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. தம்பி கூப்பிட்டான், ஆனால் அவர்கள் அப்போது இரண்டறை ஃபிளாட்டில் இருந்தார்கள். எனக்கு அங்கே இடமில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். பிறகு அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதற்கிடையில் உயர்நிலைப் பள்ளியொன்றில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. இங்கே வேலை செய்த அனுபவம் என்ற இடத்தில் இரண்டு துப்புரவு வேலைகளையும் எழுதி, யாரிடம் விசாரிக்கலாம் என்ற இடத்தில் மேற்பார்வையாளரின் பெயரைப் போட்டேன். அவர் தொலைபேசியில் என்ன சொன்னாரோ தெரியாது. நேர்முகத்தில் என்னைக் கண்டதும் பள்ளியின் விஞ்ஞானப் பகுதித் தலைவர், "நீங்கள் நன்றாகக் கதை சொல்வீர்களாமே" என்றார்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் யன்னலில்லாத ஒரு ஆயத்த அறைதான் என் இடம். கரைசல்களைக் கலந்து, பெயர் ஒட்டி, தட்டுகளில் அடுக்கி, சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக வகுப்புக்குள் தள்ளிவிட வேண்டும். பிள்ளைகள் என்னைக் காணமாட்டார்கள். மத்தியானம் அங்கேயே இருந்து சாப்பிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகளின் இரைச்சல், இந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுகிற குழாய். முதல் ஆறு வாரம் அப்படித்தான் போனது.

ஏழாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சின்னக் கதவு திறந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் தலையை நீட்டினார். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற நியமிப்புப் பரிசோதனையில் கரைசல் நிறம் மாறவே இல்லை, பிள்ளைகள் கத்துகிறார்கள், ஏன் என்று தெரியுமா என்று கேட்டார். குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நிறம் மாறிக் காட்டுகிற காட்டித் திரவத்தைச் சேர்க்கவில்லை. இரண்டு துளி விட மறந்துவிட்டீர்கள்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கதவை மூடப் போனவர் நின்று, "வந்து அவர்களுக்குச் சொல்கிறீர்களா? நான் சொன்னால் நம்பமாட்டார்கள்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் போய் வகுப்பின் முன்வாசலால் உள்ளே போனேன்.